வாழைமர நோட்டில் வந்த கூலி

கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ பழைய நாணயம், நோட்டு விற்கிறவர்களிடம் போய் நின்றால் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த 1942-45 காலத்துப் பத்து வெள்ளி (டாலர்) நோட்டுதான் முதலில் கண்ணில் படும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கே மடிப்பு விழாத நல்ல நோட்டாகக் கிடைக்கும். எண்பது வருஷத்துக்கு மேலான ஒரு நோட்டு ஏன் இவ்வளவு மலிவு என்றால், அத்தனை அச்சடித்துத் தள்ளினார்கள், பிறகு அதை மாற்றித் தர ஒருவரும் முன்வரவில்லை. மாற்றியிருந்தால் இந்நேரம் எரிந்தோ கூழாகியோ போயிருக்கும். மாற்றாததால்தான் இன்னும் நம் வீடுகளில் கிடக்கிறது.

சேகரிப்பவர்கள் அதை ஒரு வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் குடும்பம் தெலுக் இந்தான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த குடும்பம். அந்த நோட்டில் கூலி வாங்கியவர்கள் என் பாட்டியும் அவர் கூடப் பிறந்தவர்களும். அதனால் அதை எப்போது பார்த்தாலும் எனக்குக் கொடுபடாத சம்பளத்தின் சீட்டாகத்தான் தெரியும்.

முதலில் நோட்டைப் பார்ப்போம். பத்து வெள்ளியில் குலை தள்ளிய வாழைமரம், பக்கத்தில் தென்னை. மலாய்க்காரர்கள் இதை வைத்துத்தான் டூயிட் பீசாங் என்றார்கள், நம்மவர்களுக்கு வாழைமர நோட்டு. ஐந்து வெள்ளியில் தென்னையும் பப்பாளியும், ஒரு வெள்ளியில் சீமைப்பலாவும் தென்னையும். பத்து வெள்ளியைத் திருப்பினால் கடலும் தூரத்தில் ஒரு கப்பலும் தெரியும். ஆங்கிலத்தில் 'ஜப்பானிய அரசாங்கம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, இதை வைத்திருப்பவர் கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக உறுதி சொல்லியிருப்பார்கள். எங்கே போய்க் கேட்பது, எந்த வங்கியில் கேட்பது, தங்கமாகத் தருவார்களா வேறு காசாகத் தருவார்களா, ஒன்றும் இல்லை. வங்கித் தலைவர் கையெழுத்தும் கிடையாது. ஆரம்பத்தில் வந்த சில நோட்டுகளில் வரிசை எண் இருந்தது, பிற்பாடு அதையும் விட்டுவிட்டார்கள். வெறும் இரண்டு மூன்று எழுத்துதான். எத்தனை நோட்டு வெளியே போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வழியே வைக்காமல் ஓர் அரசாங்கம் பணம் அடித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். காகிதமும் போகப் போக மோசமானது. கள்ள நோட்டு அடிப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அவர்களும் தங்கள் பங்குக்கு அடித்தார்கள்.

அந்த எழுத்துகளில் முதல் எழுத்து எப்போதும் எம். மலாயாவுக்கு எம், பர்மாவுக்கு பி, பிலிப்பைன்ஸுக்கும் அதே மாதிரி அதன் முதல் எழுத்து, டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு எஸ், பசிபிக் தீவுகளுக்கு ஓ. பர்மாவில் ரூபாய், பிலிப்பைன்ஸில் பெசோ, மலாயாவில் டாலர், தீவுகளில் கில்டரும் ஷில்லிங்கும். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர்ப் பணத்தின் பெயரிலேயே அச்சடித்துக்கொண்டுதான் படையே கிளம்பியது. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கியவர்கள் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். பட்டாளத்துக்குப் பின்னாலேயே இந்த நோட்டும் வந்தது.

பழைய மலாயா வெள்ளிக்கும் இதற்கும் சமமான மதிப்பு என்றார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருந்திருக்கும்? சீனர்களை ஆயிரக்கணக்கில் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்ற நாட்கள் அவை. அதே சீனர்களிடம் 'அன்பளிப்பு' என்ற பெயரில் 5 கோடி வெள்ளி கேட்டார்கள், பழைய பிரிட்டிஷ் வெள்ளியாக. வீடு வாசலை விற்றும் ஏறக்குறைய 2.8 கோடிதான் சேர்ந்தது. மிச்சத்தை யோக்கோஹாமா ஸ்பீசி வங்கியில் கடன் வாங்கவைத்து, 1942 ஜூனில் ஜெனரல் யமாஷித்தாவிடம் கொடுக்கவைத்தார்கள். அப்படிப் பழைய வெள்ளி பெரிய அளவில் புழக்கத்திலிருந்து உறிஞ்சப்பட்டது. இருந்த கொஞ்சத்தையும் மக்கள் மண்ணுக்குள்ளும் கூரை இடுக்கிலும் ஒளித்துவைத்தார்கள். கையில் மிஞ்சியது வாழைமரம் மட்டும்.

இது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பட்டாளத்துக்கு அரிசி வேண்டும், ஈயம் வேண்டும், மரம் வெட்ட ஆள் வேண்டும். துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்கினால் அதற்குப் பெயர் கொள்ளை, ஜனங்களும் பொருளைப் பதுக்கிவிடுவார்கள். நோட்டை நீட்டினால் வியாபாரி தானே கொண்டுவந்து கொட்டுவான். பொருள் கப்பலேறிப் போகும், காகிதம் மட்டும் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஜப்பானில் அது செல்லவும் செல்லாது. டோக்கியோவில் ஒரு வீட்டுக்காரி ஒரு காசு கூடுதலாக வரி கட்ட வேண்டியதில்லை, மலாயாவில் கிழங்கு விற்கிறவர் அந்த வரியைக் கட்டிக்கொண்டிருப்பார், தான் வரி கட்டுகிறோம் என்றே தெரியாமல். 1942-இல் இதற்கென்றே தெற்குப் பிரதேச மேம்பாட்டு வங்கி என்று ஒன்றை ஆரம்பித்து, அதன் வழியாக நோட்டை விட்டார்கள். பிடித்த நாட்டில் படைக்கு வேண்டியதை எடுத்தால் கூடியவரை ரொக்கம் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ரசீது கொடுத்துச் சீக்கிரம் பணத்தைக் கொடுத்து முடிக்க வேண்டும் என்று 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. ரொக்கத்தையே தானே அச்சடித்துக்கொள்ளலாம் என்றால் அந்த விதியில் என்ன மிச்சம் இருக்கிறது?

மதிப்பு எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. போருக்குப் பிறகு 1948-இல் மலாயாவில் கடன் கொடுத்தவர், வாங்கியவர் வழக்குகளைத் தீர்க்க ஒரு சட்டம் போட்டார்கள். அதோடு ஓர் அட்டவணையும் வந்தது. 100 பழைய வெள்ளிக்கு எத்தனை ஜப்பான் வெள்ளி சமம் என்று மாதவாரியாகச் சொல்லும் அட்டவணை. 1942 டிசம்பரில் 100-க்கு 100. 1943 டிசம்பரில் 385. 1944 டிசம்பரில் 1,850. 1945 ஆகஸ்ட் 12-இல் 10,500. நாட்டுக்கு வேண்டிய அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வந்துகொண்டிருந்தது, அந்த வழி அடைபட்டுப்போனது. ஒரு பக்கம் பொருள் இல்லை, மறு பக்கம் நோட்டு அச்சு நிற்கவில்லை. முதலில் பத்து வெள்ளிதான் பெரிய நோட்டு, அப்புறம் நூறு வந்தது, கடைசியில் மாட்டு வண்டி போட்ட ஆயிரம் வெள்ளி நோட்டு வந்தது.

மக்கள் கையிலிருந்து நோட்டைத் திரும்ப இழுக்கவும் பார்த்தார்கள். தபால் சேமிப்பில் போடு என்று பிரச்சாரம், 1943-இல் கோனான் சைக்கென் என்று அரசாங்க லாட்டரி, சீட்டு ஒரு வெள்ளி, சூதாட்டத்துக்கும் அனுமதி. நாட்டையே பசியில் போட்டுவிட்டு, மிச்சம் இருப்பதைச் சூதில் வை என்று சொன்ன நிர்வாகம் அது.

தோட்டத்தில் இது எப்படி இருந்தது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பேச்சில் அரசியல் இருக்காது, சாமான்தான் இருக்கும். ரப்பருக்கு வெளியே சந்தை இல்லாததால் பால் வெட்டு குறைந்துபோனது, பல இடங்களில் மரத்தைச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். கிராணியார், அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயர் கூப்பிட்டுச் சம்பளம் போடுவார். நோட்டை வாங்கிய கையோடு பெரியவர்கள் கடைக்கு நடப்பார்களாம், வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைக்கிற பேச்சே இல்லை. நாளைக்கு வைத்தால் உப்பு பாதியாகிவிடும் என்பார் பாட்டி. உப்பு, தேங்காயெண்ணெய், எங்காவது கிடைத்தால் கருவாடு. துணி கிடைக்கவே கிடைக்காது, சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்ட பெண்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஒரு கட்டத்தில் கடைக்காரரும் நோட்டை விரும்பவில்லை. கோழி கொடுத்தால் உப்பு, மரவள்ளி மாவு கொடுத்தால் எண்ணெய் என்றாகிவிட்டது. ஆனால் கூலி மட்டும் கடைசி வரை நோட்டில்தான் வந்தது. மூட்டையை மறைத்துவைத்தவர் பிழைத்தார், நகை வைத்திருந்தவர் தப்பித்தார், உடம்பு உழைப்பை மட்டும் வைத்திருந்தவருக்கு அந்த உழைப்பை விற்க வேறு காசே இல்லை.

1945-இல் வந்த நூறு வெள்ளி நோட்டில் ஒன்று இருக்கிறது, அதை நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். முன்பக்கம் ரப்பர் தோட்டம். வரிசை மரங்கள், அதற்கு நடுவே வேலை செய்கிற ஆட்கள், வலது பக்கம் வீடுகள். நம்மவர்கள் செய்த வேலையைத்தான் படமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த நோட்டு அச்சான நேரத்தில் அந்தத் தோட்டத்து ஆட்களில் எத்தனை பேர் சயாமில் செத்துக் கிடந்தார்கள்!

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதை பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரியும், கூலிக் கணக்கு பற்றிப் பேச்சு குறைவு. பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்புசாயாட் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அதற்கு ஆள் போதவில்லை என்றதும் பிடித்துப் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள், அதில் தமிழர் பங்கு மிகப் பெரியது. என் பாட்டியின் அண்ணன் ஒருவர் போனவர், திரும்பவில்லை. அவருக்குச் சேர வேண்டிய ஒரு வெள்ளிகள் எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சயாமிலேயே ஜப்பான் இந்த மாதிரி நோட்டு விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே அரசாங்கம் கவிழாமல் இருந்தது. உங்கள் நோட்டை இங்கே விட வேண்டாம், வேண்டிய எங்கள் 'பாட்' பணத்தை நாங்களே கடனாகத் தருகிறோம் என்று பேசி, தங்கள் பணத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கேயும் விலைவாசி ஏறத்தான் செய்தது, ஆனாலும் போர் முடிந்தபோது சாதாரண ஆள் கையில் இருந்தது அவருடைய சொந்த நாட்டுப் பணம். மலாயாவில் அப்படிப் பேச நமக்கென்று ஓர் அரசாங்கம் இல்லை. இருந்தவர்கள் சிங்கப்பூரில் வெள்ளைக்கொடி பிடித்துவிட்டார்கள்.

அந்த வெள்ளைக்காரர்கள் 1945 செப்டம்பரில் திரும்பி வந்தார்கள். வரும்போது அவர்களும் நோட்டுக் கட்டோடுதான் வந்தார்கள். ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட நோட்டு, தேதி 1941 ஜூலை 1. ஜப்பான் நோட்டு செல்லாது, மாற்றித் தர மாட்டோம் என்று அறிவித்தது பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். பத்துக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று என்று கூட இல்லை, வெறும் பூஜ்யம். ரங்கூனிலும் இதே கதைதான், பர்மா ரூபாய் நோட்டு தெருவில் குப்பையாகச் சிதறிக் கிடந்தது. எதிரி அடித்த நோட்டுக்கு நாங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. வண்டி வண்டியாக நோட்டு வைத்திருந்த கள்ளச்சந்தைக்காரனுக்கும் சேர்த்து மாற்றித் தர வேண்டியிருக்கும். ஆனால் மூன்றரை வருஷம் பாதுகாக்காமல் விட்டுப்போன மக்கள் இவர்கள், வேறு வழியில்லாமல் அந்த நோட்டில் வாழ்ந்தவர்கள். ஒரு ஆளுக்கு ஒரு சிறு தொகை வரை, கடைசி மாதச் சம்பளம் வரை மாற்றித் தர முடியாத அளவுக்கா பிரிட்டிஷ் பேரரசு ஏழையாக இருந்தது?

இங்கேதான் அந்த 1948 சட்டத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்தச் சட்டம் ஏன் வந்தது? செட்டியார்கள் போன்ற வட்டிக்கடைக்காரர்கள், வங்கிகள், சொத்து அடமானம் வாங்கியவர்கள் போருக்கு முன் நல்ல வெள்ளியாகக் கடன் கொடுத்திருந்தார்கள். ஜப்பான் காலத்தில் நோட்டு மலிந்ததும் கடன்காரர்கள் ஓடி ஓடி வாழைமர நோட்டைக் கட்டிப் பத்திரத்தை மீட்டார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அது கடன் கொடுத்தவருக்கு உண்மையான நஷ்டம், செட்டியார்கள் பாடுபட்டுச் சேர்த்த பணம் அப்படிக் கரைந்ததை நான் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். பணவீக்கம் முற்றிய பிறகு கட்டிய தொகையை அட்டவணைப்படி குறைத்து மதிப்பிட அந்தச் சட்டம் வழிசெய்தது. ஆக, ஜப்பான் நோட்டுக்கு மாதவாரியாக மதிப்பு போட முடியும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. நோட்டை வீதியில் பூஜ்யம் என்று அறிவித்த அதே வெள்ளைக்கார ஆட்சி, நீதிமன்றத்தில் அதற்கு இத்தனை காசு மதிப்பு உண்டு என்றது. அந்த அட்டவணையின்படி 1943 டிசம்பரில் ஒருவர் சம்பாதித்த 385 வெள்ளி, 100 நல்ல வெள்ளி. கடனுக்கு அந்தக் கணக்கு உண்டு. கூலிக்கு இல்லை. பத்திரம் வைத்திருந்தவர் வழக்குப் போட முடிந்தது, பால்வாளி வைத்திருந்தவர் எதை வைத்து வழக்குப் போடுவார்?

அப்புறம் நடந்தவை எல்லாம் நாடுகளுக்கு இடையே நடந்தவை. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் பிரிட்டன் உட்பட நேச நாடுகள் இழப்பீட்டு உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தன. சயாம் ரயில் பாதையைப் பிரிட்டிஷார் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். சிங்கப்பூரில் கொல்லப்பட்டவர்களுக்கு ஈடு கேட்டு 'இரத்தக் கடன்' என்று பெரிய போராட்டம் நடந்து, 1966-இல் ஜப்பான் 5 கோடி டாலர் தருவது என்று முடிவானது, பாதி மானியம், பாதி கடன். மலேசியாவுக்கு 1967 செப்டம்பரில் 2.5 கோடி வெள்ளி, அது இரண்டு சரக்குக் கப்பலாக வந்தது. கப்பல் நாட்டுக்குத் தேவைதான். தோட்டத்தில் விதவையாக நின்ற ஒரு பெண்ணுக்கு அந்தக் கப்பலில் எந்தப் பங்கு என்று மட்டும் நான் கேட்பேன்.

ஹாங்காங்கில் ஆட்கள் விடாமல் கேட்டார்கள். அங்கே ராணுவ யென் என்று வேறு நோட்டு, ஹாங்காங் டாலரைக் கட்டாயமாக மாற்றவைத்து, 1943 ஜூனில் பழைய டாலரையே தடை செய்தார்கள். நோட்டை வைத்திருந்தவர்கள் சங்கம் சேர்ந்து டோக்கியோ நீதிமன்றம் வரை போனார்கள். 1999 ஜூன் 17 அன்று வழக்கு தள்ளுபடி. பிலிப்பைன்ஸிலும் சங்கம் வைத்து நோட்டுகளில் முத்திரை குத்திப் பதிவு செய்தார்கள், அதுவும் எங்கும் போய்ச் சேரவில்லை. தோற்றாலும் அவர்கள் ஒரு கோரிக்கையை எழுத்தில் வைத்தார்கள், அதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நம் பக்கத்தில் சயாம் ரயிலில் போனவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் உண்டு, அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ரயிலுக்குப் போகாமல் தோட்டத்திலேயே இருந்து மூன்றரை வருஷம் வேலை செய்தவர்களின் கூலியைப் பற்றி யாரும் ஒரு மனு கூடப் போட்டதாக என் கண்ணில் படவில்லை.

எல்லா ராணுவ நோட்டும் இப்படித்தான் முடியும் என்று இல்லை. நேச நாட்டுப் படைகள் 1943-இல் இத்தாலியில் இறங்கியபோது ராணுவ லீரா அடித்தன, ஜெர்மனியில் ராணுவ மார்க். அங்கேயும் விலைவாசி ஏறியது, ஆனால் இத்தாலியில் அந்த லீரா உள்நாட்டுப் பணத்தோடு கலந்து போருக்குப் பிறகும் சில வருஷம் செல்லுபடியானது. வைத்திருந்தவன் ஒரே நாளில் பிச்சைக்காரனாகவில்லை. அங்கே படை போட்ட நோட்டை அந்த நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டது, இங்கே ஒரு படை போட்டுவிட்டுத் தோற்றது, இன்னொரு படை வந்து அழித்தது.

உங்கள் வீட்டில் அந்த நோட்டு இருந்தால், விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம், விலைக்குப் பெரிதாக ஒன்றும் வராது. லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், காகிதம் போய்விடும். சாதாரண உறையில் போட்டு, உறைக்கு மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்: யார் கைக்கு வந்தது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், என்ன வேலைக்கு வந்த சம்பளம். வீட்டில் தொண்ணூறை ஒட்டிய வயதில் யாராவது இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், அவர்கள் அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள், ஆனால் சம்பள நாளும் கடையும் உப்பும் நினைவில் இருக்கும். பழைய தோட்டத்துச் சம்பளப் புத்தகம், ரேஷன் அட்டை, கிராணி கையெழுத்துப் போட்ட ஏதாவது துண்டு கிடைத்தால் இரண்டு பக்கமும் படமெடுத்து வையுங்கள். நான் பேராக் தோட்டங்களிலிருந்து அப்படிக் கிடைப்பதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், சம்பளத் தேதி உள்ள காகிதம் எதுவாக இருந்தாலும் அந்த 1948 அட்டவணையோடு ஒப்பிட்டு, இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்று ஒவ்வொரு பெயருக்கும் நேராக எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.